மாற்றிக் காட்டிய கை

– தாடையை அந்தக் கிண்ணத்துல வைங்க. நெத்தி மேல் பட்டையில ஒட்டணும். ஒட்டலை. இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க சார். பாஸ்கெட்பால் கோர்ட்லயும் இப்படித்தான், எதுலயும் ஒட்டாம தள்ளியே நிக்கிறீங்க.

– நீங்கதான் கூப்பிட்டீங்க.

– நான் எங்க கூப்பிட்டேன்?

– மூணு வருஷமா கூப்பிடறீங்க. மேல் வரிசையில நின்னுக்கிட்டு, "ரெஃப்ரி ஐயா, நம்ம கடைக்கு வாங்க, சும்மாவே கண்ணைப் பாத்துக் கண்ணாடி போட்டுத் தரேன்"னு. சனிக்கிழமை ஃபைனல்ல மட்டும் ஒன்பது தடவை. டேபிள்ல ஸ்கோர் எழுதற அம்மா எண்ணி வச்சிருந்தாங்க.

– அது ஆட்டத்து வேகத்துல வாயில வர்றது. அதைப் பிடிச்சுக்கிட்டுத் திங்கக்கிழமை காலையில, ஷட்டரை முழுசாத் தூக்கறதுக்குள்ள வந்து நிப்பாரா ஒரு மனுஷன்?

– சும்மாப் பாக்கறேன்னீங்க. வந்தேன்.

– என்னங்க, வந்தவரைத் தண்ணி குடிக்கிறீங்களான்னுகூடக் கேக்காம மிஷின்ல மாட்டிட்டீங்களே. சார், தப்பா நெனைக்காதீங்க. நான் இவர் வீட்டுக்காரி. ஏழாம் நம்பர் கேப்டன் பொண்ணு இருக்கால்ல, அவளோட அம்மா.

– தெரியும்மா. இவர் எழுந்திருச்சதும் பின்னாடியிருந்து சட்டையைப் பிடிச்சு உக்கார வைப்பீங்க.

– பிடிச்சுப் பிடிச்சு ரெண்டு சட்டை தோள்பட்டையில விட்டுப்போச்சு சார்.

– நீ போய்க் கவுண்டரைப் பாரு. சார், சிமிட்டாதீங்க. உள்ள நேர் ரோடு ஒண்ணு போகுதா? அதோட கடைசியில ஒரு பலூன் தெரியுதா?

– தெரியுது.

– மங்கலாத்தானே?

– பளிச்சுன்னு.

– முதல்ல மங்கலாத்தான் தெரியணும்.

– தெரிஞ்சது. அப்புறம் பளிச்சுன்னு ஆயிடுச்சு.

– ம். சரி, நாற்காலிக்கு வாங்க. இடது கண்ணை இந்த அட்டையால மறைச்சுக்கிட்டு எதிர்ச் சுவரைப் பாருங்க. மேலேருந்தெல்லாம் வேணாம். கடைசி வரி. அதைப் படிங்க, பாப்போம்.

– ப, ட, ம, க, ய, ந.

– அடுத்த கண்ணு.

– அதேதான். அதுக்குக் கீழ பொடி எழுத்துல அச்சகத்து ஃபோன் நம்பர் இருக்கு. அதையும் படிக்கட்டுமா?

– வேணாம்.

– என்னங்க, சாருக்கு எவ்வளவு பவர் வருது? ஃப்ரேம் எடுத்து வைக்கட்டா?

– பவரும் இல்லை, ஒண்ணும் இல்லை. பேப்பர் படிக்க ஒண்ணரை வேணும், அவ்வளவுதான். தூரத்துக்குக் கழுகு. எனக்கு எப்படி இருக்கு தெரியுமா சார்? மூணு வருஷமா, இந்த ஆளுக்குக் கண்ணு தெரியலை, பாவம், அதனாலதான் இப்படி ஊதறார்னு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். இப்ப அந்த ஆறுதலும் போச்சு. எல்லாம் நல்லாத் தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க.

– நான் கண்ணாடிக்காக வரலைங்க.

– அது எனக்கும் தெரியும். புகார் விஷயமாத்தானே?

– ஆமா. சங்கத்துச் செயலாளர் சொன்னார். கடிதம் வரப்போகுதுன்னு நீங்க ஃபோன் பண்ணி, உங்க ஆதாரத்தையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொன்னீங்களாம்.

– இன்னிக்கு மத்தியானம் நேர்ல போய்க் கொடுக்கறேன். ஒளிவுமறைவெல்லாம் இல்லை. உங்க முன்னாடியே படிக்கறேன், கேளுங்க. "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு. கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஒரே செயலுக்கு நடுவர்கள் வெவ்வேறு தீர்ப்புகளை வழங்கியதைப் பன்னிரண்டு ஆதாரங்களுடன் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்."

– நல்லா எழுதியிருக்கீங்க.

– எழுத்துப் பிழை பார்த்தது இவ.

– நான் பொதுவாச் சொல்றேன், பன்னிரண்டு வேணாம், பதினொண்ணு போதும்னு அப்பவே சொன்னேன்.

– பன்னிரண்டாவதுதான்டி உயிரு. அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் புலம்பல். நீ ஃபோனை எடு, அடிக்குது.

– ஹலோ, கண்ணாடிக் கடை. ஆமாம்மா, புதன்கிழமை ரெடியாயிடும். ரெண்டு லென்ஸும் வந்தாச்சு, மாட்டணும் அவ்வளவுதான். இல்லம்மா, உள்ள கத்தறவர் இவர்தான். சண்டையெல்லாம் இல்லை, பாஸ்கெட்பால்.

– நியாயமாப் பேசுவோம் சார். நான் தோத்துட்டோம்னு அழற ஆள் இல்லை. இருபது பாயின்ட் வித்தியாசத்துல தோத்தப்பகூட எழுந்து நின்னு கைதட்டிட்டு வந்தவன். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கடுமையா ஊதறீங்களா, ரெண்டு பக்கமும் கடுமையா ஊதுங்க. விட்டுப் பிடிக்கறீங்களா, ரெண்டு பக்கமும் விடுங்க. முதல் பாதியில எங்க பொண்ணு பக்கத்துல போய் மூச்சு விட்டாலே ஃபவுல். எதிராளி தோள்ல காத்து பட்டிருக்கும், அதுக்கு ஒரு பீப். ரெண்டாம் பாதியில அந்த நெட்டப் பொண்ணு எங்க புள்ளைகளை ஒவ்வொருத்தியா இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போறா. ஒருத்தி போய் பெஞ்ச்ல உக்காந்திருந்தவ மடியில விழறா. உங்க விசில் வாயில சும்மாத் தொங்குது. என்ன, காத்து தீந்துபோச்சா?

– இடைவேளையில ரெண்டு கோச்சும் வந்தாங்க. விசில் ரொம்ப அதிகம், பொண்ணுங்களைக் கொஞ்சம் ஆட விடுங்கன்னாங்க.

– அந்தப் பக்கத்து கோச் சொல்வார். அவங்க ஆட்டமே இடிக்கிற ஆட்டம்.

– முதல்ல வந்தது உங்க கோச்.

– எங்க கோச்சா?

– அவர்தான்.

– அந்த ஆளை அப்புறம் பேசிக்கறேன். இருந்தாலும் சார், யாராவது வந்து சொன்னா மாத்திக்கறதா? ஒருத்தர் கடைக்கு வந்து, என்னங்க, உங்க லென்ஸ்ல பவர் அதிகமா இருக்கு, கொஞ்சம் விட்டுக்கொடுங்கன்னா நான் குறைச்சுத் தேய்ச்சுக் கொடுப்பேனா? மைனஸ் ரெண்டுன்னா காலையிலயும் மைனஸ் ரெண்டு, சாயங்காலமும் மைனஸ் ரெண்டு.

– மாத்தினது தப்புதான்.

– என்ன?

– முதல் பாதியில ஒரு அளவு வச்சிட்டோம். அதை ஆட்டம் முடியற வரைக்கும் வச்சிருக்கணும். நடுவுல மாத்தினது தப்பு. உங்க பொண்ணுக்குக் கொடுத்த மூணாவது ஃபவுல் ரெண்டாம் பாதியில நடந்திருந்தா நான் ஊதியிருக்கவே மாட்டேன்.

– இப்படிச் சட்டுனு ஒத்துக்கிட்டா நான் மேற்கொண்டு என்ன பேசறது? ரெண்டு நாளா இதுக்காகத் தயார் பண்ணி வச்சிருக்கேன் சார்.

– பேசுங்க. நேரம் இருக்கு.

– வீடியோவே இருக்கு. பாருங்க. இது நாலாவது ஆதாரம்.

– இது கூரையில இருக்கற லைட்டு.

– கொஞ்சம் பொறுங்க. அந்த நேரத்துல நான் எழுந்து நின்னேன், அதனால ஃபோன் ஆடிடுச்சு. இப்ப வரும் பாருங்க. வந்துச்சா? போர்டுக்குக் கீழ நாலு பேர் குதிக்கறாங்க. அதோ, பட்டப்பகல்ல முழங்கையால நெஞ்சுல ஒரு இடி. அந்தப் புள்ளை அப்படியே மல்லாந்து விழறா. விசில் கேக்குதா? கேக்கலை. நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கறவர் மாதிரி. இதுக்கு என்ன பதில்?

– இதுவும் ஊதியிருக்கணும்.

– கேட்டியா? ஒத்துக்கறார்.

– என்னங்க, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த முழங்கை நம்ம பாப்பாவோடது.

– எது?

– இடிச்ச கை. ஏழாம் நம்பர் தெரியுது பாருங்க. மணிக்கட்டுல நீலப் பட்டை. நான்தானே அதைத் தைச்சுக் கொடுத்தேன்.

– அது... அது பந்துக்காகத் தூக்கின கைடி. குதிக்கும்போது கையைப் பையிலயா வச்சுக்குவா?

– நான் ஒண்ணும் சொல்லலைங்க. பொதுவாச் சொல்றேன், இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா நம்ம பொண்ணுக்குத்தான் ஃபவுல்.

– சரி, நாலாவதை எடுத்துடறேன். மிச்சம் பதினொண்ணு.

– அதுல மூணு என்னோட தப்பு. ரெண்டு என்கூட நின்னவங்க தப்பு. அவங்களுக்கும் தெரியும், ஆட்டம் முடிஞ்சு உடை மாத்தும்போதே பேசிக்கிட்டோம். மிச்சம் அஞ்சு நீங்க எங்க நின்னு பாக்கறீங்களோ அதைப் பொறுத்தது.

– அஞ்சும் மூணும் ரெண்டும் பத்து. ஒண்ணு இடிக்குதே.

– அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். பத்தையும் அனுப்புங்க. என் தப்பு மூணுக்கும் கீழ நானே கையெழுத்துப் போட்டுத் தரேன், இங்கயே. கடைசியா ஒண்ணு வச்சிருக்கீங்களே, பன்னிரண்டாவது. அதை மட்டும் எடுத்துடுங்க.

– அடேங்கப்பா. அதானே பாத்தேன். இவ்வளவு நல்ல மனுஷனா இருக்காரே, எங்கயோ உதைக்குதேன்னு பாத்தேன். பத்துக்குக் கையெழுத்துப் போடறேன், பெரிய தலைவலியை எடுத்துடுங்கறார்.

– தலைவலி எனக்கு இல்லைங்க.

– பின்ன யாருக்கு?

– அதை நான் சொல்ல முடியாது.

– சொல்ல முடியாதா? ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினா அந்தக் கடைசிப் பதினோரு செகண்ட்தான் ஓடுது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. ஒரு பாயின்ட் நாங்க மேல. பந்து பக்கத்துக் கோட்டைத் தாண்டி வெளிய போகுது. நீங்க விசில் ஊதி, எங்க பக்கம் கை காட்டறீங்க. எங்க பந்து. கூட்டம் எழுந்து நிக்குது. பந்தைக் கையில வச்சிருந்தாலே போதும், ஜெயிச்சாச்சு. நான் பக்கத்துல இருந்தவரைக் கட்டிப் பிடிச்சுட்டேன் சார், அவர் யாருன்னே தெரியாது. திரும்பிப் பாத்தா உங்க கை அந்தப் பக்கம் காட்டுது.

– ஆமா. மாத்தினேன்.

– மாத்தினீங்க. அவங்க பந்தை உள்ள போட்டு, நெட்டப் பொண்ணு ஒரு எட்டு எடுத்து வச்சு, போட்டுட்டா. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. முடிஞ்சுது. நியாயமாப் பேசுவோம் சார். என் பொண்ணுக்கு இது கடைசி வருஷம். ஜெயிச்சிருந்தா தேசியப் போட்டிக்குப் போயிருப்பா. அங்க தேர்வு பண்றவங்க உக்காந்திருப்பாங்க. பதினோரு வயசுலேருந்து விடியற்காலையில எழுந்து ஓடினா சார் அவ. நான் டார்ச் அடிச்சுக்கிட்டு பின்னாடி சைக்கிள்ல போனேன். அது எல்லாத்தையும் ஒரு கையை இப்படித் திருப்பி அழிச்சுட்டீங்க.

– பொண்ணு இப்ப எப்படி இருக்கா?

– எப்படி இருப்பா? ரெண்டு நாளா யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசலை. காலேஜ் ஹாஸ்டல்லேருந்து பொண்ணுங்க ஃபோன் பண்ணினா எடுக்கறதில்லை. அநியாயம் உள்ள போய் உக்காந்துட்டா அப்படித்தான்.

– நேத்து நல்லாச் சாப்பிட்டா சார். தூங்கினா. நான் பொதுவாச் சொல்றேன்.

– உனக்கு என்ன தெரியும்? நான் அப்பன். எனக்குத் தெரியும் அவ மனசு. அந்த இடத்துல அவளே உங்ககிட்ட ஓடி வந்தாளே சார், நான் பாத்தேனே. கேப்டன்னா பேச உரிமை உண்டு. உங்க முன்னாடி வந்து நின்னு கெஞ்சறா. வீடியோவுல முதுகுதான் தெரியுது, ஆனா தலையை ஆட்டி ஆட்டிப் பேசறது தெரியுது. ஒரு புள்ளை அப்படிக் கெஞ்சும்போது எந்த மனுஷனுக்காவது மனசு இளகும். நீங்க கல்லு மாதிரி நின்னு கேட்டுட்டு, கையைத் திருப்பிட்டீங்க.

– கேட்டேன். உண்மைதான்.

– கேட்டுட்டு?

– கையைத் திருப்பினேன்.

– பாத்தியா, எவ்வளவு சாதாரணமாச் சொல்றார். சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க சங்கத்துக்குக் கொடுத்த ரிப்போர்ட்ல என்ன எழுதினீங்க? செயலாளர் எனக்கு ஃபோன்ல படிச்சுக் காட்டினார். "பந்து கடைசியாக, முன்னிலையில் இருந்த அணி ஆட்டக்காரியின் கையில் பட்டதை நானே கண்டேன்." அப்படித்தானே?

– அப்படித்தான்.

– இப்ப இந்த வீடியோவைப் பாருங்க. இதுல லைட்டு இல்லை, கூரை இல்லை. கம்பி மேல ஃபோனை வச்சு எடுத்தது, துளிகூட ஆடலை. பந்து வெளிய போற நேரம். இதோ நிறுத்தறேன். நீங்க எங்க பாக்கறீங்க?

– போர்டுக்குக் கீழ.

– ஏன்?

– அங்க ரெண்டு பேர் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தாங்க.

– அப்ப பந்து போன இடத்துக்கு உங்க பின்னந்தலைதான் இருக்கு. சார், நான் இருபத்தாறு வருஷமா கண்ணு பாக்கறவன். எந்தக் கண்ணு எவ்வளவு தூரம் பாக்கும், எத்தனை டிகிரி பக்கவாட்டுல பாக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். உங்க கண்ணு நல்ல கண்ணு. ஆனா பிடரியில கண்ணு உள்ள ஆளை நான் இன்னும் சோதிச்சதில்லை. நீங்க பாக்கலை.

– பாக்கலை.

– ரிப்போர்ட்ல பாத்தேன்னு எழுதியிருக்கு.

– எழுதினேன். ஆனா பாக்கலை.

– அப்ப முதல்ல எங்க பக்கம் காட்டினீங்களே, அதுதான் பாத்துச் சொன்னது. அதுதான் சரி.

– அதுவும் பாக்கலைங்க. சத்தம் கேட்டுத் திரும்பினேன், பந்து உருண்டுக்கிட்டிருந்தது. போன வேகத்தை வச்சு ஒரு குத்துமதிப்புல காட்டினேன்.

– கடவுளே. ஒரே பந்துக்கு ரெண்டு தீர்ப்பு, ரெண்டும் பாக்காமலேயா? இதைத்தான் சார் நான் மூணு வருஷமா மேல நின்னு கத்தறேன். என்னை எல்லாரும் பைத்தியம்னு பாக்கறாங்க. நீங்களெல்லாம் எனக்குப் பட்டப்பேர் வேற வச்சிருக்கீங்களாமே.

– "கண்ணாடி"ன்னு சொல்வோம். மரியாதையாத்தான்.

– நல்ல மரியாதை. இப்ப சொல்லுங்க, இதை நான் பன்னிரண்டாவதா வைக்கணுமா, முதலாவதா வைக்கணுமா?

– வச்சா என்ன நடக்கும்னு தெரியுமா உங்களுக்கு?

– விசாரணை நடக்கும். நல்லா நடக்கட்டும்.

– மூணு பேர் கமிட்டி உக்காரும். என்னைக் கூப்பிடுவாங்க. அப்புறம் ரெண்டு டீம் கோச்சையும், ரெண்டு கேப்டனையும் கூப்பிடுவாங்க. எல்லாரையும் ஒரே மேஜையில உக்கார வச்சு, பந்து யார் கையில பட்டுதுன்னு கேப்பாங்க.

– கேக்கட்டும். என் பொண்ணைக் கேக்கட்டும். அவ கனவுலகூடப் பொய் சொல்ல மாட்டா.

– அதுதாங்க எனக்குப் பயம்.

– நீ எதுக்குடி பயப்படற? பொய் சொல்றவங்க பயப்படட்டும். சார், கடைசியாக் கேக்கறேன். நீங்க பாக்கலை. கூட இருந்த ரெஃப்ரி ரெண்டு பேரும் அந்தக் கோடியில இருந்தாங்க. அப்ப யாரோ வந்து உங்க காதுல ஊதியிருக்காங்க. அந்தப் பக்கத்து கோச்சா? அவங்க டேபிள்ல உக்காந்திருந்த பெரிய மனுஷங்கள்ல எவனாவதா? பேரைச் சொல்லுங்க. கடிதத்துல அந்தப் பேரையும் சேக்கறேன்.

– அந்தப் பக்கத்து ஆளு யாரும் சொல்லலை.

– அப்ப எந்தப் பக்கத்து ஆளு?

– ஆட்டத்துல ஒரு ஆட்டக்காரி என்கிட்ட வந்து ஒண்ணு சொன்னா, அது என்னோட நின்னுடும். இருபது வருஷமா அப்படித்தான். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. கடிதத்தைக் கொடுத்துக்குங்க. நான் கிளம்பறேன்.

– இருங்க சார். உக்காருங்க. என்னங்க, அந்த ஃபோனைக் கீழ வைங்க. போதும். நம்ம பக்கத்து ஆளுதான் சொன்னது. நம்ம பொண்ணு.

– என்ன உளர்ற?

– பந்து அவ சுண்டுவிரல்ல பட்டுத்தான் வெளிய போயிருக்கு. யாரும் கேக்கலை. அவளாவே போய்ச் சொல்லியிருக்கா. நேத்துக் காலையில என் பக்கத்துல நின்னு துணி மடிச்சுக்கிட்டே என்கிட்ட சொன்னா.

– உனக்குத் தெரியுமா? தெரிஞ்சேவா உக்காந்து எழுத்துப் பிழை பார்த்தே?

– பதினொண்ணு போதும், பதினொண்ணு போதும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. வேற எப்படிச் சொல்றது? யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ டீம் பொண்ணுங்களுக்குத் தெரியாது, கோச்சுக்குத் தெரியாது. ஹாஸ்டல் ஃபோனை எடுக்கறதில்லைன்னீங்களே, அதுக்குத்தான். அவங்க எல்லாம் சாரைத் திட்டறாங்க, அதைக் கேட்டுக்கிட்டு இருக்க இவளால முடியலை.

– என்கிட்ட ஏன் சொல்லலை அவ?

– எப்ப சொல்வா? கார்ல ஏறினதுலேருந்து வீட்டு வாசல் வரைக்கும் நீங்க ஒருத்தர்தான் பேசினீங்க. ரெண்டு தடவை அவ "அப்பா"ன்னு ஆரம்பிச்சா. ரெண்டு தடவையும், "நீ பேசாதம்மா, உனக்கு நடந்த அநியாயத்தை நான் பாத்துக்கறேன்"னீங்க. அப்புறம் அவ ஜன்னல் பக்கம் திரும்பிட்டா.

– கெஞ்சறான்னு நெனச்சேனே. இந்த வீடியோவை ஐம்பது தடவை பாத்திருப்பேன். ஐம்பது தடவையும் அவ கெஞ்சற மாதிரிதான் தெரிஞ்சுது.

– முதுகுதானேங்க தெரியுது.

– சார். நீங்க எதுக்கு நானே கண்டேன்னு எழுதினீங்க?

– கேப்டன் சொன்னான்னு எழுதினா, அது காலேஜுக்குப் போகும். அவளால தோத்தோம்னு ஆயிடும். கடைசி வருஷத்துல அந்தப் பொண்ணு எதுக்கு அதைச் சுமக்கணும்? என்னை எப்படியும் திட்டத்தான் போறாங்க. கூட ஒண்ணு சேர்ந்தா என்ன?

– விசாரணைன்னு வந்திருந்தா உங்களை ரெஃப்ரி லிஸ்ட்லேருந்தே எடுத்திருப்பாங்க.

– எடுத்திருப்பாங்க.

– அதைச் சொல்லாம, பத்துக்குக் கையெழுத்துப் போடறேன்னு வந்து உக்காந்திருக்கீங்க.

– மூணுக்குத்தான். மிச்சம் என் தப்பு இல்லை.

– இப்பவும் கணக்கை விடறாரா பாரு. நீ அந்தக் கடிதத்தை எடு. இல்ல, நீயே வச்சுக்க. நீயே ஏதாவது பண்ணு. சார், ஒண்ணே ஒண்ணு. அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாம.

– அம்மாவே சொல்லிட்டாங்க, இனிமே நான் மறைக்க ஒண்ணும் இல்லை. ஓடி வந்தா. மூச்சு வாங்கிக்கிட்டு, "சார், கடைசியா என் விரல்ல பட்டுச்சு. பந்து அவங்களுது"ன்னா. பதினோரு செகண்ட்தாம்மா இருக்கு, நல்லாத் தெரியுமான்னு கேட்டேன். தலையை ஆட்டினா. நான் அப்பவும் கையைத் திருப்பலை, அவ முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். மறுபடி ஆட்டினா. சரின்னு நான் திரும்பினதும், பின்னாடியிருந்து மெதுவா இன்னொண்ணு சொன்னா.

– என்ன சொன்னா?

– "மேல எங்கப்பா கத்துவார் சார். அதுக்காகத் திருப்பி மாத்திடாதீங்க."